சிங்கப்பூரில் தொலைந்த உன் செருப்பு

எஸ்தரு, என் தங்கமே,

சிங்கப்பூர் போய்விட்டு வந்தேன். ஊர் வந்து சேர்ந்து இரண்டு வாரமாகியும் கால் வீக்கம் வற்றவில்லை. ஒரு கையால் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, மறு கையால் இதை எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

“சிங்கப்பூரா!” என்று நீ வாயைப் பிளப்பது தெரிகிறது. ஆமாம்டி. கொடைக்கானலும் ஊட்டியும் நம் பள்ளிக்கூடத்துக்கு இப்போது போதவில்லையாம். வேலப்பன்சாவடிப் பக்கம் ஏதோ ஒரு பள்ளிக்கூடம் பிள்ளைகளை விமானத்தில் ஏற்றியதாம். உடனே நம் பிரின்சிபால் மேடத்துக்கு மானப் பிரச்சினை வந்துவிட்டது. “வசந்தி மிஸ், நீங்கதான் சீனியர். பொண்ணுங்களோட நீங்க போனாதான் பேரண்ட்ஸ் அனுப்புவாங்க” என்றார். சீனியர் என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்கு முதுகு வலிக்கிறது.

நீ இருந்தால் போயிருப்பேன். உன் வேலை விசில், என் வேலை வாந்தி எடுக்கிற பிள்ளைக்குப் புளிப்பு மிட்டாய். இப்போது விசிலும் நானே, மிட்டாயும் நானே என்றால் எப்படி? புது பி.டி. மிஸ் நல்ல பெண்தான், ஆனால் பிள்ளைகளைவிட அவள்தான் அதிகமாக செல்ஃபி எடுக்கிறாள். முடியாது மேடம் என்று மறுநாள் சொல்லிவிடத்தான் இருந்தேன்.

அன்று சாயங்காலமே உன் வீட்டுக்காரர் தேவராஜ் வந்து நின்றார். தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தார், சட்டையெல்லாம் எண்ணெய்க் கறை. காபி வேண்டாம் என்றார்.

“அக்கா, ஷைனிய நீங்க இட்டுகினு போங்க. ஊட்ல கீறா, துன்றா, படிக்கிறா, அவ்ளோதான். அவங்கம்மா போனதுலேர்ந்து ஒரு சொட்டு கண்ணீர் உட்டு நான் பாக்கல. சிரிச்சும் பாக்கல. நாலு எடம் பாத்தா மாறுவாளோ இன்னாவோ. சிரிச்ச மொகத்தோட கொண்டாந்து உட்டீங்கன்னா போதும்க்கா.”

இதற்குப் பிறகு எந்த வாயால் முடியாது என்பேன்? “நானாச்சு தம்பி” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. அந்தப் பெண்ணை நான் எப்படியடி சிரிக்க வைப்பேன்?

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவேண்டும். உன் அடக்கத்தன்று அவள் அழவில்லை. கல்லறையிலிருந்து வீட்டுக்கு வந்ததும், வாசலில் கிடந்த உன் எம்.சி.ஆர். செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டாள். குதிகால் வலிக்கு என்று நாம் இருவரும் ஆவடி மார்க்கெட்டில் ஒரே கடையில் வாங்கினோமே, உனக்குப் பழுப்பு வார், எனக்கு நீல வார். அந்தச் செருப்புதான். கடைக்கும் டியூஷனுக்கும் சர்ச்சுக்கும் அதையே போட்டுக்கொண்டு நடந்தாள். அடி தேய்ந்து, வார் பிய்ந்து, கறுப்பு நூலால் தைத்து, அதுவும் பிய்ந்து மறுபடி தைத்து. புதுசு வாங்கித் தரட்டுமா என்று கேட்க எங்கள் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. சிங்கப்பூருக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு வந்தாள்.

இனி உன் ரூலுக்கு வருகிறேன். டூர் போகும்போதெல்லாம், படுக்கப் போகுமுன் பிள்ளைகள் எல்லோரும் செருப்பை அறைக்கு வெளியே விடவேண்டும் என்பாயே. “செருப்பு வெளிய கெடந்தா புள்ள உள்ள கீதுன்னு அர்த்தம். கதவத் தட்டி தூங்கறத எழுப்ப வேணாம் பாருக்கா.” நீ போன பிறகும் நம் பள்ளிக்கூடத்தில் அது நடக்கிறது. எஸ்தர் மிஸ் ரூல் என்றுதான் அதற்குப் பேரே. சிங்கப்பூர் ஓட்டலிலும் நான் அதையே சொன்னேன். அந்த வழுவழுப்பான தரையில், அறைக்கு அறை செருப்புகள் அழகாக வரிசை கட்டி நின்றன. ஷைனியின் அறை முன்னால் உன் செருப்பு. பார்த்துவிட்டு நிம்மதியாகப் போய்ப் படுத்தேன்.

காலையில் கதவைத் திறந்தால், ஒரு செருப்பைக்கூடக் காணோம்! இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மொட்டையாகக் கிடக்கிறது. உன் ரூல்படி பிள்ளைகள் ஒருத்தரும் உள்ளே இல்லை என்றுதானே அர்த்தம்? நைட்டியோடு ஓடி ஒவ்வொரு கதவாக அடித்தேன். ஒவ்வொருத்தியாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, “என்ன மிஸ், பஸ் வந்துடுச்சா?” என்கிறார்கள். எல்லோரும் உள்ளேதான் இருந்தார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அந்த ஊரில் ஓட்டல் நடைபாதையில் எதையும் போடக்கூடாதாம். விடிந்ததும் ஓட்டல் ஆட்கள் வந்து வாரிக்கொண்டு போயிருக்கிறார்கள். கீழே போய்க் கேட்டதும் ஒரு பெரிய பையைத் தந்தார்கள். பிள்ளைகள் அதைக் கொட்டி, “ஏய் என்னுது, என்னுது” என்று சண்டை போட்டுப் பொறுக்கினார்கள். எல்லாருடையதும் கிடைத்தது. உன்னுடையது மட்டும் அதில் இல்லை.

அங்கே வேலை செய்த ஒரு தமிழ் அம்மாவைப் பிடித்து விசாரித்தேன். அவருக்குப் பாவம், முகம் வாடிவிட்டது. “பழுப்புக் கலர்ல, நூல் போட்டு தச்சதா? தூக்கிப் போட்டதுன்னு நெனச்சு குப்பையில சேத்துட்டாங்கம்மா. குப்பை லாரி போயிடுச்சே” என்றார். லாரி எங்கே போகும், போய்ப் பார்க்கலாமா என்று பைத்தியக்காரி மாதிரி கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு முடியாது என்று தலையை ஆட்டினார்.

ஷைனி என் பின்னாலேயே நின்றிருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டாள். வெறுங்காலோடு நின்றவள், என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார், எஸ்தரு!

“எதுக்கு வெளிய வெக்கச் சொன்னீங்க? எங்கம்மா செருப்பு அது. எதுக்கு சொன்னீங்க?”

உன் அம்மா ரூல்தானம்மா அது என்றா சொல்வேன்? அந்த நிமிடம் எனக்கு உன்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ரூலையும் போட்டுவிட்டு, பிள்ளையையும் விட்டுவிட்டு, ஜம்மென்று போய்ப் படுத்துக்கொண்டாய். கடல் கடந்து வந்து உன் பிள்ளையிடம் நான் திட்டு வாங்குகிறேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முட்டி வலியோடு நானும் உட்கார்ந்தேன். எதிரே பிள்ளைகள் எல்லாம் நிற்கிறார்கள். பள்ளிக்கூட டூரில் என்னை மிஸ் என்று மட்டும் கூப்பிடவேண்டும் என்று நீ பழக்கிய பெண், என் தோளில் முகத்தை வைத்து, ஏதோ அன்று காலையில்தான் தகவல் வந்த மாதிரி சொன்னாள்.

“பெரிம்மா, அம்மா செத்துட்டாங்க.”

அழுதாள் அழுதாள், அப்படி அழுதாள். நானும் அடக்கிக்கொள்ளவில்லை. பஸ்காரர் ஹாரன் அடித்தார், அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு என் நீலவார்ச் செருப்பைக் கழற்றி அவள் காலில் மாட்டினேன். சரியாக இருந்தது. எனக்குப் புது பி.டி. மிஸ் தன்னுடைய இன்னொரு ஜோடி கான்வாஸைக் கொடுத்தாள், ஒரு சைஸ் பெரிது. காட்டன் புடவைக்குக் கீழே ஆரஞ்சு ஷூ போட்டுக்கொண்டு பறவைப் பூங்கா முழுக்க டக் டக் என்று நடந்தேன். பிள்ளைகள் கிளியைப் பார்த்தார்களோ இல்லையோ, என் காலைப் பார்த்துச் சிரித்தார்கள். ஷைனி சிரிக்கவில்லை. ஆனால் என் கையை விடவில்லை.

ஊர் திரும்பியதும் தேவராஜ் பைக்கோடு பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தார். பெண்ணின் வீங்கிய கண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“இன்னாக்கா இது? சிரிச்ச மொகத்தோட கொண்டாங்கன்னு சொன்னேனே.”

நடந்ததைச் சொன்னேன். அவர் அவள் காலைப் பார்த்தார்.

“அழுதாளா?”

“அழுதா தம்பி.”

“நல்லா அழுதாளா?”

“நல்லா அழுதா.”

கர்ச்சீப்பைத் தேடினார், கிடைக்கவில்லை. எண்ணெய்க் கறைச் சட்டையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். அவள் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகில் சாய்ந்துகொண்டாள்.

நான் களைத்துவிட்டேன், எஸ்தரு. ஒளித்துப் பேச என்ன இருக்கிறது? வகுப்பில் நின்றால் கால் கடுக்கிறது, உட்கார்ந்தால் இடுப்பு பிடிக்கிறது, அடுத்த வருஷம் மலேசியாவாம். மேடம் இப்போதே என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். ஷைனி வருகிறாள் என்றால் போவேன். செருப்பை மட்டும் அறைக்குள்ளேயே விடச் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதே.

அவள் என் செருப்பைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது, வெள்ளானூரில் உன் தெருப் பக்கம் ஸ்கூட்டியைத் திருப்பி, உன் வாசலைப் பார்த்தபடி மெதுவாகப் போகிறேன். ஒருநாள் அங்கே நீலவார் இல்லை. பதறிப்போய் போன் போட்டேன். “கொயர் பிராக்டிஸ்ல கீறேன் பெரிம்மா, இன்னா இப்போ?” என்று எரிந்து விழுந்தாள். உன் குரலேதான். மனசாரத் திட்டு வாங்கிக்கொண்டேன்.

என் வண்டி ஓடுகிற வரைக்கும் உன் தெரு வழியாகத்தான் போவேன், அதை மட்டும் உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன். இன்றைக்கும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கதவைத் தட்டவில்லை. செருப்பு வெளியே கிடக்கிறது, எஸ்தரு. பிள்ளை உள்ளே இருக்கிறாள். நீ தூங்கு.

உனக்கு அக்காவும் உன் பிள்ளைக்குப் பெரியம்மாவுமான,
வசந்தி