சஃப்ரினுக்குக் காய்ச்சல் வரவில்லை

வடகரை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

உங்கள் ஜன்னத்தின் ஸலாம். தினமும் போனில் முகம் பார்க்கிறவருக்குக் கடிதம் எதற்கு என்று சிரிக்காதீர்கள். போனில் நான் வாயைத் திறக்கும் முன்பே "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று பேச்சை வெட்டிவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது.

முதலில் நல்ல சேதி. குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நம் மகளைப் புலியருவிக்குக் கூட்டிப்போனேன். தண்ணீரில் இறங்கியவள் உதடு வெளிறுகிற வரை ஏறவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பத் தயாராகத்தான் இருந்தேன். விடிந்ததும் சஃப்ரின் பரோட்டா கேட்டாள். மூக்குகூட ஒழுகவில்லை.

போன சீசன் உங்களுக்குத் தெரியும். சளி, வயிற்றுப்போக்கு, கடைசியில் நிமோனியா என்று தென்காசி ஆஸ்பத்திரியில் படுத்தாள். மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்தோம். பிறகு வேறு ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் நிர்மலாதேவி டாக்டர் பிள்ளையின் மேல்கையில் ஒரு அளவு நாடாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறாள் என்றுதான் முதலில் கேட்டார்கள். டீயில் முக்கின பிஸ்கட், கொஞ்சம் ரசஞ்சோறு என்றேன். காய்ச்சல் வந்தால் கஞ்சித்தண்ணி தவிர எதையும் கண்ணில் காட்டமாட்டேன் என்று உங்கள் உம்மா பெருமையாகச் சொன்னார்கள்.

கிருமியோடு சண்டை போடும் அணுக்களை உடம்பு நாம் தின்பதில் இருந்துதான் உண்டாக்குகிறதாம். காய்ச்சல் வந்தால் பசி போகும், பிள்ளை இளைப்பாள், இளைத்த உடம்பில் அடுத்த காய்ச்சல் சுலபமாக நுழையும். மருந்து மட்டும் இதை நிறுத்தாது என்றார்கள். எதிர்ப்பு சக்திக்கு டானிக் எழுதித் தரச் சொன்னேன். டாக்டர் சிரித்துவிட்டு, முட்டை, பயறு, மீன், கீரை என்று எழுதினார்கள்.

அன்றிலிருந்து உங்கள் உம்மா அடியோடு மாறிவிட்டார்கள். தெருவில் எந்தப் பிள்ளை தும்மினாலும், ஏட்டி, முட்டை குடுத்தியா என்று அதன் தாயை நிறுத்திக் கேட்கிறார்கள். நம் மகள் லேசுப்பட்டவளா? ஒரு நாள் மஞ்சள் கருவைப் பிய்த்துக் கோழிக்கே ஊட்டிக்கொண்டிருந்தாள். இப்போது நெத்திலிக் குழம்பு என்றால் தட்டோடு அடுப்படிக்கே வந்துவிடுகிறாள். கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது.

இனி உங்கள் விஷயம். கல்ஃபில் உங்களோடு ஒரே ரூமில் இருக்கும் ரபீக் அண்ணன் லீவில் ஊருக்கு வந்தவர் நம் வீட்டுக்கும் வந்திருந்தார். அவர் மேல் கோபப்படாதீர்கள், நான்தான் குடைந்து கேட்டேன். ராத்திரிக்குக் குப்பூஸ் ரொட்டியும் பால் இல்லாத கட்டன்சாயாவும்தானாமே. வாய்ப்புண் ஆறுவதில்லையாம். காய்ச்சல் விட்டு விட்டு வருகிறதாம். காலில் பட்ட காயம் இன்னும் காயவில்லையாம். நம் வீட்டுக்கு மாடி கட்டி முடிக்கிற வரை இப்படித்தான் என்று சொன்னீர்களாமே.

அடுத்த தடவை டாக்டரிடம் போனபோது, பெரியவர்களுக்கும் இப்படித்தானா என்று கேட்டேன். எந்த வயசு உடம்பும் பட்டினி போட்டால் எதிர்த்து நிற்காது, ஆனால் ஆறாத காயத்துக்குச் சர்க்கரை உட்பட ரத்தம் சோதிக்காமல் எதையும் சொல்ல முடியாது என்றார்கள். ஆகவே மச்சான், இந்த வாரமே போய்ச் சோதித்துவிடுங்கள்.

மாடி வேண்டாம். கொத்தனாரிடம் நேற்றே சொல்லிவிட்டேன், கம்பி அப்படியே நிற்கட்டும். மழைக்கு ஒழுகாத கூரை நமக்கு இருக்கிறது. உம்மாவும் சரி என்றுவிட்டார்கள், உங்கள் நிலையைக் கேட்டுக் கொஞ்ச நேரம் அழுதார்கள்.

அல்லாஹ் உங்களுக்கு நல்ல ஆரோக்கியத்தைத் தரட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனி ராத்திரி சாப்பிட உட்காரும்போது உங்கள் தட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். வாப்பா தின்றதைப் பார்த்தால்தான் வாயைத் திறப்பேன் என்கிறாள் உங்கள் மகள். நானும் அதைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன்.

உங்கள்,
ஜன்னத்