மாணிக்கம்மாள் வீட்டுப் பச்சைப் புள்ளி

நெய்வேலி
12.2.2017

அன்பு மகள் கிருஷ்ணப்ரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் நானும் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் புனேயில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் மீட்டிங் இருக்கிறதும்மா என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா. அப்பாவுக்கு இந்த வாரம் இரண்டாவது ஷிப்ட். முழங்கால் வலி விடவில்லை, மைன்ஸ் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறுகிறார், டாக்டரிடம் போங்கள் என்று நான் சொன்னால் காதிலேயே விழுவதில்லை, நீ சொன்னால் கேட்பார். கொய்யா இந்த வருஷம் நிறையக் காய்த்திருக்கிறது, எல்லாம் அணிலுக்குத்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வயிறு எரிகிறது. பெற்ற மகளிடம் சொல்லக் கூடாத பேச்சுதான், ஆனால் வேறு யாரிடம் சொல்ல. நீயும் உன் சிநேகிதிகளும் சேர்ந்து போனில் செய்திருக்கிற அந்த வரைபடத்தை எனக்குக் காட்டியது நீ இல்லை, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மாணிக்கம்மாள். காலை ஆறு மணிக்குத் தெருக் கூட்ட வரும் கான்ட்ராக்ட் பெண்கள் மதியம் வரை ஒதுங்க இடமில்லாமல் அடக்கிக்கொண்டு திரிகிறார்கள், எந்த வீட்டில் கழிவறைக்கு விடுகிறார்கள் என்று அவர்களே போனில் பேசிப் பதிந்தால் அந்த வீட்டின் மேல் பச்சைப் புள்ளி விழும் என்று என் மகள் செய்த காரியத்தை அவள் எனக்குப் பாடம் எடுக்கிறாள். நம் பிளாக்கில் ஐந்து பச்சை. அதில் ஒன்று அவள் வீடு. நடுவில் ஒரு சுவர்தான், அந்தப் பக்கம் பச்சை, இந்தப் பக்கம் ஒன்றுமில்லை. அது போதாதென்று, மாணிக்கம்மாள் அம்மா மாதிரி ஊருக்குப் பத்துப் பேர் இருந்தால் போதும் என்று நீ வேறு கீழே எழுதியிருக்கிறாய். அம்மாவாம். உனக்கு டைபாய்டு வந்தபோது பதினோரு நாள் பக்கத்திலேயே கிடந்தவள் நான். அவள் கஞ்சி கொடுத்தனுப்பினாள், இல்லையென்று சொல்லவில்லை, அதிலும் உப்பு இல்லை.

அவளையாவது பொறுத்துக்கொள்வேன். அந்தச் செங்கமலத்தோடு தினமும் பேசுகிறாயாமே. அந்தப் பெண்ணின் பெயர் செங்கமலம் என்பதே எனக்கு உன் வரைபடத்தைப் பார்த்துத்தான் தெரியும், வடக்குத்து கிராமத்திலிருந்து வந்து பதினாறு வருஷமாக நம் தெருவைக் கூட்டுகிறாள், ஏம்மா, இந்தாம்மா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். இப்போது அவள் வாயைத் திறந்தால் பாப்பா சொல்லிச்சு, பாப்பா கேட்டுச்சு. பாப்பா நீதான். போன வாரம் கேட்டில் நின்று என்னிடமே விசாரிக்கிறாள், "பாப்பா வண்டியிலேர்ந்து வுழுந்து முட்டி பேந்துகினு கெடந்துச்சே, இப்ப தேவலையாங்க?" என்று. நீ விழுந்ததே எனக்குத் தெரியாது. தெரிந்தவள் மாதிரி தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்து அழுதேன். உன் காயம் முதலில் அவளுக்குத் தெரிகிறது, எனக்கு அவள் வழியாகத் தெரிகிறது, இதை எந்தத் தாய் தாங்குவாள் சொல்.

அந்த வரைபடத்தோடு முதலில் நீ எழுதியிருக்கிற கதையையும் மாணிக்கம்மாள்தான் படித்துக் காட்டினாள். உனக்குப் பன்னிரண்டு வயதில் பார்த்தது என்று எழுதியிருக்கிறாய். தெருக் கூட்ட வந்த ஒரு பெண் மாதவிடாய் நாளில் ஒரு வீட்டில் கழிவறைக்குக் கேட்டாள், அந்த வீட்டு அம்மா தண்ணீர் வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள், அப்போது மேலே தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது என்று. ஊர் பெயர், ஆள் பெயர் எதுவும் நீ போடவில்லை. யார் வீடோ, இப்படியும் இருக்கிறார்கள் பார் என்றாள் மாணிக்கம்மாள். நானும் ஆமாம் என்றேன். அவள் போன பிறகு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பதினாலு வருஷம் இதை மனசில் வைத்துக்கொண்டா என் கையால் சாப்பிட்டாய், ஒரு நாளாவது என் முகத்துக்கு நேரே கேட்டிருக்கலாமே.

சரி, நாமும் பச்சை ஆகிவிடலாம் என்று இறங்கினேன். புது வாளி, புது மக், சோப்பு, மூடி போட்ட குப்பைக்கூடை எல்லாம் வாங்கி வைத்தேன். மாணிக்கம்மாளின் மகளிடம் என் வீட்டுக்கும் ஒரு புள்ளி வை என்றால், வீட்டுக்காரர்கள் வைக்க முடியாதாம், உள்ளே போய் வந்த மூன்று பெண்கள் சொன்னால்தான் விழுமாம். தோட்டத்துப் பின்கதவைத் திறந்துவைத்து ஐந்து நாள் காவல் உட்கார்ந்தேன், ஒருத்தி எட்டிப் பார்க்கவில்லை, நம் வீட்டைத் தாண்டித் தாண்டி அவள் வீட்டுக்கே போனார்கள். "ஏண்டி, கடையா தொறந்திருக்க, ஆள் பிடிக்கிறதுக்கு?" என்று அப்பாவுக்குச் சிரிப்பு. நம்ம ஊருப் பக்கம் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்றும் ஒரு முறை ஆரம்பித்தார், உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கிறதே, அதைவிடவா என்றேன், டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

ஆறாம் நாள் செங்கமலம் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நின்று திரும்பிப் பார்த்தாள், பின்பக்கமாகச் சுற்றி வந்து போய்விட்டு வந்தாள். போனில் பதிவு பண்ணு என்றேன். அவள் போனை அழுத்தினால் உள்ளே இருந்து நீ பேசிப் பதிந்து வைத்திருக்கிற குரல். முன்வாசல் வழியாக விட்டார்களா, பின்வாசல் வழியாகவா என்று கேட்கிறாய். இப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரியாது. "பின்வாசல்னு சொன்னா மஞ்சப் புள்ளிதாங்க வுழும், சொல்லட்டுமா, வுட்டுடட்டுமா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். விட்டுவிடு என்றேன். மாணிக்கம்மாள் ஹால் வழியாகவே கூட்டிப்போய், திரும்பும்போது ஃபேன் போட்டு உட்காரச் சொல்கிறாளாம். பின்கதவைத் திறந்ததையே பெரிய தர்மம் என்று நினைத்திருந்தேன். உன் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அந்தக் கேள்வியை என்னை நினைத்துத்தான் வைத்தாயோ என்று.

நேற்று முன்வாசலைத் திறந்தேன். செங்கமலம் செருப்பைக் கழற்றப் போனாள், வேண்டாம், அப்படியே வா என்றேன். போய்விட்டு வந்து ஹாலில் நின்றே பேசினாள், புஷ்பவல்லி அம்மா வூடு, முன்வாசல் என்று. என் பெயர் அவளுக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது. பிறகு உன் குரல் இன்னொன்று கேட்டது, இந்த வீட்டில் இதற்கு முன் உங்களை மறுத்திருக்கிறார்களா என்று. அவள் என்னைப் பார்த்தாள். உள்ளதைச் சொல் என்றேன். "ஒருக்கா தண்ணி வரலன்னு சொன்னாங்க. தண்ணி வந்துகினுதான் இருந்துச்சு" என்று நிதானமாகச் சொன்னாள். தொட்டி வழிந்த சத்தம் அவளுக்கும் அன்றைக்கே கேட்டிருக்கிறது. நன்றி அக்கா என்றது உன் குரல். அப்படி ஒரு இதமான குரலில் நீ என்னிடம் பேசி எத்தனை நாளாயிற்று.

நீ நோய்நொடி இல்லாமல், எடுத்த காரியம் எல்லாம் கைகூடி நூறு வருஷம் வாழ வேண்டும் என்று சுவாமியிடம் கேட்டுக்கொள்கிறேன். முட்டிக் காயத்துக்கு மருந்து போடு, அடுத்த தடவை விழுந்தால் முதலில் எனக்குச் சொல், செங்கமலத்துக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். நம் வீட்டுக்கு இன்னும் இரண்டு பேர் சொல்ல வேண்டும், அம்மா என்று பாவம் பார்த்து நீயாகப் புள்ளி வைத்துவிடாதே. ஒன்றை மட்டும் மறக்காமல் செய். அந்த முதல் கதையில் ஒரு வீட்டு அம்மா என்று போட்டிருக்கிறாயே, அந்த இடத்தில் புஷ்பவல்லி என்று போடு. இனிஷியல் வேண்டாம், அப்பாவை இழுக்காதே, சொன்னது நான்.

இப்படிக்கு,
உன் அம்மா
புஷ்பவல்லி