பளபளவென்று துடைத்த டப்பா

கிரெனோபிள்,
சனிக்கிழமை மதியம்.

அன்புள்ள பிரோஷ்காவுக்கு,

நலமா என்று கேட்கவே வாய் வரவில்லை. நீ கட்டிக்கொடுத்த பொகாச்சா ரொட்டி இரண்டே நாளில் தீர்ந்தது. வயிற்றுக்கு ஒரு குறையும் இல்லை. மற்ற எல்லாம் குறைதான். போனில் சொன்னால் நீயும் அழுவாய், நானும் அழுவேன், விஷயம் வெளியே வராது. அதனால்தான் இந்த மின்னஞ்சல். முழுக்கப் படித்துவிட்டுக் கூப்பிடு.

உயிரணுவின் மேலுறை போலவே நெளிகிறதா என்று பார்க்க எட்டு மாதம் பாடுபட்டு நீ செய்த சவ்வைச் செவ்வாய்க்கிழமை நியூட்ரான் கதிரில் வைத்தேன். புதனன்று திரையில் வரைபட வளைவு அழகாகக் கீழே இறங்கியது. "உன் சவ்வு நெளியுதுடி!" என்று போனில் கத்தினேன். நீ ஆய்வகம் முழுக்கக் கேக் வாங்கிக் கொடுத்தாயாம்.

அது உன் சவ்வே இல்லை. வெறும் கனநீர்.

சவ்வு மிதக்கும் கனநீரைத் தனியாகவும் அளந்து கழிக்க வேண்டுமே, அதற்காக ஒரே மாதிரி இரண்டு அலுமினிய டப்பாக்கள் கொண்டுவந்தேன் அல்லவா? விரல் பிசுக்கில் உள்ள ஹைட்ரஜன்கூட அளவைக் கெடுக்கும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவள் நான். இரண்டையும் ஆல்கஹால் போட்டுப் பளபளவென்று துடைத்தேன். மூடியில் நீ பேனாவால் எழுதிய பெயர்களும் சேர்ந்து போய்விட்டன. எது எது என்று எனக்குத் தெரியாதா என்ற திமிர். அறிவுகெட்டவள்!

இந்தக் கருவியைப் பார்த்துக்கொள்ளும் கொரந்தான் புதனன்றே, "இன்னும் ஒரு நாள் ஓடட்டும், அவசரப்படாதீங்க" என்றார். நான் கேட்டால்தானே? புள்ளிகள் சிதறித்தான் கிடந்தன. நடுவில் எனக்குப் பிடித்த கோட்டை நானே இழுத்துக்கொண்டேன். நேற்று மாலை தண்ணீர் என்று நினைத்து அடுத்த டப்பாவை வைத்ததும் சிதறி வரும் நியூட்ரான்களின் எண்ணிக்கை எகிறியது. "என்ன மேடம், உங்க தண்ணிக்கு இவ்வளவு தெம்பா?" என்று சிரித்தார். சவ்வு இருந்தால்தான் அப்படி எகிறும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்போதுதான் உன் சவ்வு கதிரில் இருக்கிறது. நாளை காலை எட்டு மணிக்கு அணுஉலையை நிறுத்துகிறார்கள். மறுபடி ஓடுவது வசந்தத்தில்தான். உன் வேலையோ டிசம்பரோடு முடிகிறது. இந்த முடிவு கையில் இருந்தால்தான் நீட்டிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? "இந்த ஒரு நாள் அளவை வெச்சு நெளியுதுன்னும் சொல்ல முடியாது, நெளியலைன்னும் சொல்ல முடியாது" என்கிறார் கொரந்தான். ஒரு கோடு இழுத்துப் பார்க்கலாமா என்று கை பரபரத்தது. இழுக்கவில்லை.

தவறு முழுக்க என்னுடையது, உன் சவ்வில் ஒரு குறையும் இல்லை என்று நம் பேராசிரியர் லொரின்ட்ஸுக்குக் காலையிலேயே எழுதிவிட்டேன். அவர் உன்னை ஒரு வார்த்தை சொன்னாலும் இந்தக் கடிதத்தைக் காட்டு.

உன் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாயே, புதனன்று நான் அனுப்பிய அந்த வளைவின் படத்தை எடுத்துவிடு. நானே வந்து எடுக்கலாம் என்றால், வாசல் கதவைத் திறப்பாயோ மாட்டாயோ. திங்கள் மாலை ஆறு மணி ரயிலில் வருகிறேன். நிலையத்துக்கு வா என்று கேட்க எனக்கு முகமில்லை. வந்தால் நன்றாகத் திட்டு, பிரோஷ்கா. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்,
எமோகே