தினமும் காலையில் நான் மூடிய சின்னப் பெட்டி

அன்பு மகள் தெலேசியாவுக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவின் முழங்காலையும் என் மனத்தையும் தவிர இங்கே எல்லாம் நலம், அங்கே இன்வர்கார்கில் குளிரில் உன் இருமல் ஒழிந்து நீயாவது நலமாக இருக்க வேண்டும் என்று மாலை ஜெபத்தில் தவறாமல் கேட்டுக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி போனில், ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய், சளி என்றேன், சளி இல்லை. பேனா பிடித்து எழுதுவதற்குக் காரணம், போனில் சொன்னால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் உடனே பேச்சைப் பப்பாளி மரத்துப் பக்கம் திருப்பிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். உன் சித்தி வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறாள், அவளிடம் கொக்கோக் கட்டிகளோடு இதையும் கொடுத்து விடுகிறேன்.

மழை விடவில்லை, சேப்பங்கிழங்கில் பாதி அழுகிவிட்டது. உன் அப்பா முழங்காலால் நிற்க முடியாமல் பாடகர் குழுவில் உட்கார்ந்தே பாடுகிறார், உட்கார்ந்தால்தான் குரல் கனமாக வருகிறது என்று பெருமை வேறு. நம் ஊர்ப் பெண்கள் குழுவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று பேச்சு வந்தது, தலைவி நான் ஆயிற்றே, எங்கள் வீட்டுப் பழைய லேப்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன். ஆக்லாந்து மாமா பீப்பாயில் துணிகளுக்கு நடுவே வைத்து உனக்கு அனுப்பினாரே, அதேதான். அதை எப்போது திறந்தாலும் திரையின் நடுவே ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கும், ஏதோ ஒரு கோப்பு கிடைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லும், நான் சட்டென்று மூடிவிடுவேன். அப்பா ஒருமுறை அது என்ன என்று கேட்டார், கம்ப்யூட்டர் காலை வணக்கம் சொல்கிறது என்றேன், நம்பிவிட்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், எனக்கு அது ஒன்பது வருடமாகத் திரையில் எழுத்தாகவே வந்துகொண்டிருந்தது.

அந்தப் பெட்டி என்னவென்று இப்போது சொல்கிறேன், உட்கார்ந்து படி. உனக்கு அப்போது பத்தொன்பது வயது, எந்நேரமும் அதில் தட்டிக்கொண்டிருப்பாய், நான் கிட்டே வந்தால் மூடிவிடுவாய். தாய்மார் கூட்டத்துக்கு வந்த ஒருத்தி, பிள்ளைகள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் குறித்துவைக்கும் புரோகிராம் ஒன்று இருக்கிறது, அவர்களுக்குத் தெரியவே தெரியாது என்றாள். அவளையே வீட்டுக்குக் கூட்டிவந்து போட்டுக்கொண்டேன். நம் வீட்டில் தூண் உண்டு, சுவர் ஏது, யார் பாயில் புரண்டு படுத்தாலும் எல்லோருக்கும் தெரியும், அப்படியிருக்க மகள் எழுதுவதைத் தாய் படித்தால் என்ன என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நீ தேவாலயம் பெருக்கப் போன நேரத்தில் ஐந்து சனிக்கிழமைகள் உட்கார்ந்து படித்தேன். நியூசிலாந்துக் குடியேற்றக் குலுக்கலுக்கு எங்களுக்குத் தெரியாமல் நீ விண்ணப்பம் போட்டது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அதை நீ உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் எழுதியிருந்தாய், தலைநகர் அபியாவில் படித்துக்கொண்டிருந்த உன் தோழி வீனேட்டாவுக்கு.

எனக்கு இருப்பது நீ ஒருத்தி. பயந்துபோய்ப் போதகரின் மனைவியிடம் சொல்லி அழுதேன், அவர் போதகரிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை, பெற்றவர்களிடம் சொல்லாமல் கடல் கடந்து ஓட நினைக்கும் மகள்களுக்காக என்று போதகர் ஜெபித்தாரே, பெயர் சொல்லாவிட்டாலும் சபையே கண்ணைத் திறந்து நம் வரிசையைப் பார்த்தது. அப்பா தலை குனிந்து வீட்டுக்கு நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். வீனேட்டா விடுமுறைக்கு வந்து பேருந்திலிருந்து இறங்கியதும் நீ போய் எதிரே நின்று, "உன்கிட்ட மட்டும்தான்டி சொன்னேன், உன் வாய் ஓட்ட வாய்டி" என்றாய். அவள், "சத்தியமா நான் யார்கிட்டயும் மூச்சு விடலடி" என்று அழுதாள். ரொட்டிப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் மூன்றடி தள்ளி நின்றேன். என் வாயில் கொழுக்கட்டை இருந்தது. வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அந்தப் புரோகிராமைக் கழற்றினேன், வெற்றிகரமாக நீக்கப்பட்டது என்று திரை சொன்னது, அத்தோடு ஒழிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலையில்தான் முதல் முறையாக அந்தச் சின்னப் பெட்டி வந்தது.

பிறகு நீ மாமா தயவில் எப்படியோ நியூசிலாந்து போய்ச் சேர்ந்தாய். வீனேட்டாவின் திருமணத்துக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை, நானும் எழுது என்று சொல்லவில்லை. நீ கோபத்தில் சொன்ன ஓட்டை வாய் என்ற பெயர் ஊரில் அவளுக்கு நிலைத்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் குழுவுக்குச் செயலாளர் வேண்டியிருந்தது, எங்களில் படித்தவள் அவள்தான், ஆனாலும் நாலு குடும்பத்து விவகாரம் வரும் இடம், அவள் வாயில் எதுவும் நிற்காது என்று சிரித்தார்கள். நான் தலைவி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, வேறு யார் என்று கேட்டேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை, சலேலோலோங்கா சந்தையில் போன் கடை வைத்திருக்கும் பேபே, லேப்டாப்பைச் சுத்தம் செய்து கொடுக்க வந்தாள். நம் வீட்டில் ஏழெட்டுப் பெண்கள் பாய் முடைந்துகொண்டிருந்தார்கள், வீனேட்டாவும் இருந்தாள். பேபேவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. பெட்டியைப் பார்த்ததுமே, "பழைய புரோகிராம் எதையோ அரைகுறையா பிடுங்கியிருக்கீங்க அக்கா, செடிய வெட்டியாச்சு, வேரு அப்படியே கெடக்கு" என்று உள்ளே தோண்ட ஆரம்பித்துவிட்டாள். டீ குடி என்றேன், சாப்பிடு என்றேன், நாளைக்கு வாயேன் என்றேன், எதுவும் நடக்கவில்லை. கொஞ்ச நேரத்தில், "அட, இது பிள்ளைங்க தட்டறத திருட்டுத்தனமா எழுதி வெக்கிற சமாச்சாரம். எழுதினதெல்லாம் இன்னும் பத்திரமா இருக்கு, யாரு வெச்சது இத?" என்றவள், கடைசியாகப் பதிந்த தேதியையும் படித்தாள். ஒன்பது வருடத்துக்கு முந்தைய மே மாதம், நீ அவளைத் திட்டிய அதே மாதம். மற்றவர்களுக்கு அது வெறும் தேதி, வீனேட்டாவின் கை மட்டும் ஓலையில் நின்றுவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், என்னால் அந்தக் கண்களைப் பார்க்க முடியவில்லை.

பேபே, "வெச்சிருக்கவா, அழிச்சிடவா?" என்று கேட்டாள். வீனேட்டா எதையும் சொல்லவில்லை என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அது, திறந்து காட்டியிருந்தால் அத்தனை பேர் முன்னாலும் அவள் மேல் இருந்த பழி அந்த நிமிடமே போயிருக்கும். நான், "அழிச்சிடு" என்றேன். ஆமாம் மகளே, இரண்டாம் முறையும் அதையேதான் செய்தேன். பேபே அந்த மிச்சக் கோப்புகளையும், கம்ப்யூட்டருக்குள் எங்கெங்கோ ஒட்டியிருந்த தடங்களையும் துடைத்துவிட்டு மறுபடி திறந்து காட்டினாள், பெட்டி வரவில்லை. யார்தான் வைத்திருப்பார்கள் என்று ஒருத்தி விடாமல் கேட்டாள். வீனேட்டா தலையைத் தூக்காமல், "மாமா வாங்கினதே பழசுதானே, அப்பவே அதுல இருந்திருக்கும்" என்றாள். எதுவும் நிற்காது என்று நாங்கள் ஒதுக்கிவைத்த வாய் அது. அப்போது பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு, வருகிறேன் அத்தை என்று எப்போதும் போலச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானமே உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் கல்யாணத்துக்கென்று வைத்திருக்கும் மெல்லிய ஓலை நுண்பாயைத் தலையில் போர்த்திக்கொண்டு, மன்னிப்புக் கேட்கும் நம் வழக்கப்படி விடியும்போது அவள் வீட்டு முன் போய் உட்கார்ந்துவிடுகிறேன் என்றேன். அதற்கு அவர், "பாயப் போத்திக்கிட்டு உக்காந்தா அவ வெளிய வந்து அத எடுத்தே ஆகணும், எடுக்கலன்னா ஊரு அவளத்தான் பேசும். நீ மன்னிப்பு கேக்கப் போறியா, பிடுங்கப் போறியா?" என்றார். முப்பத்திரண்டு வருடத்தில் அவர் என்னிடம் இவ்வளவு கடுமையாகப் பேசியதில்லை. பேசியது நியாயம்தான். புதன்கிழமை குழுக் கூட்டத்தில் வெறும் கையோடு எழுந்து நின்று, புரோகிராம் வைத்ததிலிருந்து அழிக்கச் சொன்னது வரை ஒன்று விடாமல் சொன்னேன், தலைவி பதவியையும் விட்டேன். பெற்ற தாய்தானே, பிள்ளை நல்லதுக்குத்தானே செய்தாய் என்று இரண்டு பேர் சொன்னார்கள், அது திட்டுவதைவிட அதிகமாகச் சுட்டது. கூட்டம் கலைந்தபின் வீனேட்டா என்னிடம் வந்தாள். "தெலேசியாவுக்குத் தெரியுமா அத்தை?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப நீங்க இன்னும் சொல்லி முடிக்கல" என்றாள்.

ஆகவே சொல்லிவிட்டேன். நீ ஒரு பாவமும் அறியாதவளைத் திட்டினாய், ஆனால் அந்தப் பழி உன்னுடையது இல்லை, உன் பக்கத்தில் நின்றுகொண்டு சும்மா இருந்தவளுடையது. உன் எழுத்தைத் திருடிப் படித்ததற்கும், உன் தோழியை உன்னிடமிருந்து பிரித்ததற்கும் வெட்கப்படுகிறேன். மன்னித்துவிடு என்று எழுதக்கூடக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். உனக்கு என்மேல் கோபம் வந்தால் கோபப்படு, போன் எடுக்காவிட்டால் நான் புரிந்துகொள்வேன்.

இனி வீனேட்டாவைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் எதுவும் போகக் கூடாது என்று இன்று காலை இதுவரை எழுதியதை அவளிடமே படிக்கக் கொடுத்தேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபடியே முழுவதும் படித்தாள். வீனேட்டாவுக்கு உன்மேல் துளியும் கோபம் இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதன்மேல் விரலை வைத்து, "இத நான் எப்ப சொன்னேன் அத்தை?" என்று கேட்டாள். இந்தப் பக்கத்தின் ஓரத்தில் அடித்திருப்பது அந்த வரிதான். அப்புறம் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, தாளைத் திருப்பி ஏதோ எழுதிக் கொடுத்தாள்.

ஆண்டவர் உன்னைக் காத்து உன் காரியங்களை எல்லாம் வாய்க்கச் செய்வாராக, உன் அப்பாவின் ஆசியும் இதில் சேர்ந்திருக்கிறது. வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. தாளைத் திருப்பிப் பார்க்க மறந்துவிடாதே, அங்கே இருப்பது அவளுடைய போன் எண். எனக்குப் பதில் போட அவசரமில்லை, அவள் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
சியேனி