அவர்கள் ஊரிலும் முழம் உண்டாம்

மரிக்கொழுந்து வாசம் மாறாத கைகளுடைய என் அம்மாவுக்கு,

அந்த வெள்ளைக்காரர் பூவைப் பார்க்கவில்லை, என் முழங்கையைத்தான் பார்த்தார். நான் கதம்பத்தை அளந்துகொண்டிருக்கும்போதே சட்டையை மடித்து, செம்பட்டை முடி படர்ந்த தன் கையை என் கைக்குப் பக்கத்தில் நீட்டினார். வெட்கத்தில் எனக்குப் பூ நழுவிவிட்டது.

நீ போனபின் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கோயில் தெற்கு வாசலில் உன் இடத்தில் நான்தான் உட்காருகிறேன். பூவில் குறையில்லை, என் கைதான் குட்டை. பூ வாங்க வந்த ராஜம்மா அத்தை எல்லார் முன்னாலும் சொன்னார்: "உங்கம்மா முழம்னா முழம். உன்னுது சாண்தான்டி. கை வளந்தப்புறம் கடை போடு." உன்னிடம் வாங்கியவர்கள் ஒவ்வொருவராக எதிர்க்கடைக்குப் போகிறார்கள். இப்படியே போனால் இடத்தை விட்டுவிடலாம் என்கிறார் அப்பா.

வெள்ளைக்காரரைக் கூட்டி வந்தது நம் தெரு மாணிக்கம் மாமா. மாமா வேலை பார்க்கும் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் மெஷின் பூட்ட ஜெர்மனியிலிருந்து வந்தவராம். கூட வந்த மனைவி ஹாலந்துக்காரி.

"அவர் பாஷையில எல்லன்னா முழமாம் பாப்பா, போகன்னா வளைவாம். முழங்கைக்கு எல்லன்போகன்னு பேரு" என்றார் மாமா. அந்த அம்மாள் தலையை ஆட்டி, "எல்லபோக்" என்றார். நம் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் எல்போவும் இதே வழியில் வந்ததுதானாம்.

நம் முழங்கைக்குள்ளும் முழம் இருக்கிறதே, அம்மா. கடல் தாண்டியும் கையால்தான் அளந்தார்களா? அப்படியானால் முழங்காலுக்கு எப்படி அந்தப் பெயர் வந்தது? காலால் யார் எதை அளந்தார்கள்? நீ இருந்தால், "பூவைக் கட்டுடி" என்று அதட்டிவிட்டு நீயும் யோசித்திருப்பாய்.

அங்கே குட்டைக் கைக்காரி என்ன செய்வாள் என்று மாமாவைக் கேட்கச் சொன்னேன்.

"அந்தக் காலத்துல அங்கயும் இதே சண்டைதானாம். அப்புறம் கடைத்தெருவுல, சுவத்துல ஒரு இரும்புக் கோலைப் பதிச்சாங்களாம். அதுதான் ஊர் முழம். யார் கையும் செல்லாது."

மறுநாள் காலை ராஜம்மா அத்தை என்னைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனார்.

"அத்தை" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். "உங்க கையை இந்தப் பலகையில வைங்க."

"எதுக்குடி?"

"இனிமே உங்க கைதான் முழம்."

அத்தை வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையைப் பலகையில் நீட்டினார். முழங்கை முனையில் ஒன்று, விரல் நுனியில் ஒன்று, கல்லால் இரண்டு ஆணி அடித்தேன்.

அந்த ஆணிகளின் அளவுக்கு ஒரு விரற்கடைகூடக் குறைக்கமாட்டேன், அம்மா.

உன் கடைசி மகள்,
கமலம்