வெறும் இடத்தில் பூச்சியம்

நவம்பர் 7, வெள்ளி

விடியவே மழை. கந்தோரில் கரண்ட் இல்லை, வேலையும் ஓடவில்லை. சும்மா இருந்த நேரம் கைபேசியில் அப்பாவின் இதயத்துடிப்புக் கோட்டைப் பார்த்தேன். பூச்சியம்!

கனடாவிலிருந்து தம்பி அனுப்பிய மணிக்கூடு. அப்பா கையில் கட்டியிருப்பார், மணிக்கொரு புள்ளி எனக்கு வரும். போன் அடித்தேன், எடுக்கவில்லை. மழைக்கோட்டை மறந்து ஸ்கூட்டியில் புத்தூருக்கு, அப்பா வீட்டுக்கு. வழியெல்லாம் அழுகை.

வாசல் படலையில் அப்பா, திருநீறும் குடையுமாக! மணிக்கூடு சுவர் ஆணியில்.

"மாட்டுத்தோல் வார், பிள்ளை. உதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போறதோ? வெள்ளிக்கிழமையில கழட்டுறனான்தானே."

கத்திவிட்டேன். பிறகு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

நவ. 8, சனி

தம்பி கதைத்தான். "அக்கா, முந்தி தகவல் வராத நேரத்தை அது விட்டுட்டு, அங்கால இஞ்சால இருக்கிற புள்ளியைச் சேர்த்துக் கோடு கீறும். வெறும் இடத்துக்குப் பூச்சியம் போடச் சொல்லி நான்தான் முந்தநாள் மாத்தினனான்."

"திருப்பி மாத்தடா. என்ரை உயிர் போகுது."

"மாட்டன். இல்லாததை இருக்கெண்டு கீறப்படாது."

பிடிவாதத்தில் அப்படியே அப்பா.

நவ. 9, ஞாயிறு

உடுப்புத் தோய்த்தேன், காயவில்லை. சும்மா பழைய கோடுகளைத் தட்டிப் பார்த்தேன். வெள்ளிதோறும் ஒரு பள்ளம். கோயில். சரி.

போன மாதம் ஒரு புதன். காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் பூச்சியம். புதனில் என்ன கோயில்? தம்பி மாற்றுவதற்கு முந்தி, அன்று அந்த இடத்தில் அழகான நேர்கோடு. பார்த்துவிட்டு நிம்மதியாக வடை தின்றிருப்பேன்.

நாளைக்கு லீவு போட வேணும்.

நவ. 10, திங்கள்

லீவு போட்டுப் போனேன். அப்பா முதலில் மழுப்பினார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு,

"தோல் வார் நனையுமெண்டு மணிக்கூட்டைக் கழட்டி எலுமிச்சை மரத்தில கொழுவிப்போட்டுக் குளிச்சனான். தலை சுத்தினது தெரியும். கண் முழிக்கேக்க கிணத்தடியில கிடக்கிறன், வெயில் உச்சியில."

"ஏனப்பா சொல்லேல்லை?"

"நீ பயப்பிடுவாய்."

பயம் இப்போது போகிறதா என்ன? டொக்டரிடம் கூட்டிப்போனேன். குளிசை மாற்றித் தந்தார். என்னோடு யாழ்ப்பாணத்துக்கு வரச் சொன்னேன். தோட்டத்தை விட்டு வரமாட்டாராம்.

நவ. 12, புதன்

வாங்க: பால்மா, அப்பாவின் குளிசை, ரப்பர் வார். ஸ்கூட்டி பிரேக் பார்க்க வேணும்.

பின்னேரம் வாரை மாற்றிக் கட்டிவிட்டேன். அப்பாவுக்குச் சந்தோசம்.

"ஓம், உது நல்லது. இனிக் குளிக்கவும் கழட்டமாட்டன், கோயிலுக்கும் கழட்டமாட்டன்."

நவ. 14, வெள்ளி

மழை விட்டிருக்கிறது. கோடு ஒழுங்கு. நானும் ஒழுங்கு, இரண்டு இடியப்பம் இறங்கியது.

பத்து மணிக்குப் பூச்சியம்.

கோயில்தான். வெள்ளிக்கிழமை. பழக்கத்தில் கழற்றியிருப்பார்.

வார் ரப்பர். கழற்றமாட்டேன் என்றாரே.

அப்பாவின் போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. தம்பியும் அடிக்கிறானாம். பதினொன்றுக்கும் பூச்சியம். ஸ்கூட்டித் திறப்பு எங்கே, இங்கேதானே வைத்