வாசனை இல்லாத தண்ணீர்

காலை பத்தே காலுக்குச் செய்தி வந்தது. உன் ஆபீஸ் பியூன் முனுசாமி சைக்கிளை விட்டு இறங்காமல், வாசலில் ஒரு காலை ஊன்றி நின்றபடி சொன்னார்: "சார், காலரா அடங்கிடுச்சாம். திங்கக்கிழமை எங்க ஆபீஸ் தெறக்கணுமாம். தண்ணித் தொட்டி சரிபண்ண உங்களத்தான் கூட்டியாரச் சொன்னாரு மேனேஜரு."

யாரிடம் சொல்கிறோம் என்பது சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இப்போது உன் டைப்ரைட்டர் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் பிளீச்சிங் பவுடர் வாசனை போகவில்லை. உனக்கு ஆகவே ஆகாத வாசனை.

ஊரில் காலரா என்று பேச்சு கிளம்பிய அன்றே நம் வீட்டுக் குடத்தில் அதைக் கரைத்து ஊற்றினேன். நீ டம்ளரை வாயருகே கொண்டுபோய், மூக்கைச் சுளித்து, அப்படியே என் பக்கம் நீட்டினாய்.

"இன்னாங்க இது, ஆஸ்பத்திரியக் கரைச்சு வெச்சிருக்கீங்க?"

"வாசனை இருந்தாத்தான் கிருமி சாவும்."

"கிருமி சாவுதோ இல்லியோ, நான் செத்துடுவேன். சானிட்டரி டிப்ளமா படிச்சவரக் கட்டிக்கினா இதான் கதி."

இருவரும் சிரித்தோம். அதன் பிறகு நீ வீட்டில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாய். சாயங்காலம் வந்து ஜெயித்தவள் மாதிரி சொல்வாய்: "எங்க ஆபீஸ் தண்ணி இன்னா ருசி தெரியுமா? ஒரு வாசனை கெடையாது. ஒரு கூஜா எடுத்தாரட்டா?"

ஆஸ்பத்திரியில் உன் பக்கத்துக் கட்டில்களில் கிடந்தவர்களும் உன் ஆபீஸ்காரர்கள்தான். அவர்கள் பிழைத்தார்கள்.

இன்று தொட்டியை இறைத்துவிட்டு உள்ளே இறங்கினேன். சாக்கடைப் பக்கத்துச் சுவரில் ஒரு வெடிப்பு, தீக்குச்சி நுழையும் அளவு. அதன் வழியே ஈரம் கசிந்துகொண்டிருந்தது. பார்த்தால் அழுகை வரும் என்று நினைத்தேன். சிமெண்ட் எவ்வளவு வேண்டும் என்றுதான் புத்தி யோசித்தது. "ஏறி வாங்க சார், நான் பூசறேன்" என்றார் முனுசாமி. சீக்கிரம் இறுகும் கலவையாகக் குழைத்து நானே பூசினேன். சாக்கடையையும் வேறு பக்கம் வெட்டித் திருப்பினோம்.

பூச்சு இறுகியதும் சுவரைத் தேய்த்துக் கழுவி, கழுவிய தண்ணீரை வெளியேற்றினோம். புதுத் தண்ணீர் நிரப்பி, குடிக்கிற அளவுக்கு மட்டும் பவுடர் கலந்தேன். இத்தனை நாள் மூடிக் கிடந்த குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து, வாசனை வரும்வரை ஓடவிட்டேன். கடைசிக் குழாய் பெண்கள் அறையில். நீ பிடித்துக் குடித்த குழாய்.

மேனேஜர் கர்ச்சீப்பை மூக்கில் வைத்தபடி வந்தார்.

"இன்னாப்பா, ஜாஸ்தியா போட்டுட்டியா?"

"அளவுதான் சார்."

"அளவாவது ஒண்ணாவது. இந்த நாத்தம் வந்தா இன்னும் காலரா போவலனு ஓடிடுவாங்க. எல்லாத்தையும் தெறந்து வுட்டுட்டு வெறும் தண்ணி ரொப்பு. சாயங்காலம் போன் பண்றேன், ஆச்சுன்னு சொல்லு."

தலையாட்டினேன். நீ போன நாளிலிருந்து யார் எது சொன்னாலும் தலையாட்டுகிறேன். தொட்டியைக் காலி செய்யும் வால்வில் கைகூட வைத்துவிட்டேன்.

அப்போது பெண்கள் அறையிலிருந்து "ஐயே!" என்று சத்தம். உன் பக்கத்து மேஜை சரோஜா. மேஜையைத் தூசி தட்ட, அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து வந்திருந்தது.

"இன்னாண்ணா, ஒரே மருந்து! அக்கா இருந்திருந்தா உங்கள உண்டு இல்லைனு ஆக்கியிருக்கும்."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டது.

"வாசனை இல்லாத தண்ணியத்தாம்மா அது குடிச்சிது" என்றேன்.

சரோஜா என்னையே பார்த்தது. பிறகு குழாயைத் திறந்து, கையேந்தி, கண்ணை மூடிக்கொண்டு வயிறு நிறையக் குடித்தது. "இருக்கட்டும்ணா. திங்கக்கிழமை நான் சொல்லிக்கிறேன் எல்லார்கிட்டயும்."

வால்வை நான் திறக்கவில்லை.

உன் புடவைகளை உங்கள் அம்மா கீழ்பென்னாத்தூருக்கு எடுத்துப் போய்விட்டார்கள். என்னிடம் மிஞ்சியது நீ மூக்கைச் சுளித்த அந்த முகம்தான். திங்கட்கிழமை இங்கே ஒவ்வொருவரும் டம்ளரை எடுத்து அப்படித்தான் சுளிப்பார்கள், என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும். குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.

மேனேஜர் கூப்பிடும் நேரம். ஆச்சு என்று பொய் சொல்ல எனக்கு வராது; ஆகவில்லை என்று சொன்னால் இப்போதே வேறு ஆளை அனுப்பி வால்வைத் திறந்துவிடுவார். மணி அடிக்காதபடி ரிசீவரை எடுத்து மேஜையில் தனியாக வைத்துவிட்டேன்.